சேர்மனின் கைபலம்

இளவட்டக்கல்லைத் தூக்கிய கதையைப் போகிற இடமெல்லாம் சொல்லும் சேர்மன் வீரபெருமாள், உறுமுகிற காரோடு பேச்சியின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்.

"சக்கரத்தைக் கழட்டாமலே சத்தத்தை நிறுத்தணும். இல்லேன்னா கடைக்குப் பூட்டுத்தான்!"

பேச்சி ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினாள்.

"இடது சக்கரத்துப் பேரிங் தேஞ்சு போயிருக்கும்யா. தேஞ்சிருந்தா சக்கரம் ஆடும். சக்கரத்தைப் பிடிச்சு நீங்களே ஆட்டிப் பாருங்க."

ஆட்டினார். கடகடவென்று ஆடியது.

"கல்லைத் தூக்கின கையாச்சே! ஆடாம என்ன செய்யும்?" என்று மீசையை முறுக்கினார் சேர்மன்.

"அதுவும் சரிதான். அப்படியே வலது சக்கரத்தையும் ஆட்டுங்கய்யா."

மூச்சைப் பிடித்து ஆட்டினார். வேட்டிதான் நழுவியது, சக்கரம் அசையவில்லை. எதிர் டீக்கடையே சிரித்தது.

"சரி, சரி. கழட்டி மாத்து!"

"மாத்திடுறேன். ஆனா அப்புறம் இந்தச் சக்கரமும் உங்க பலத்துக்கு அசையாது. கோவிச்சுக்காதீங்க!"