குவித்த நெல்லையும் கிளறும் கோழி

அந்தக் காலத்தில் கோழிக்கு நன்றாகப் பேச வரும். ஆரம்பித்தால் நிறுத்தாது. அதிலும் செம்பாயி வீட்டுச் செவலைக் கோழியின் வாய்க்கு ஊரில் ஈடே கிடையாது.

செம்பாயி தினமும் முற்றத்தில் நெல்லைக் குவித்துக் கொட்டுவாள். குஞ்சுகள் நின்ற இடத்திலேயே கொத்தித் தின்னும். வயிறு நிறைந்ததும் செவலை உரல் மேல் ஏறி உட்கார்ந்து பாடம் நடத்தும்.

"இரை தேடுறது எப்படி? சொல்லுங்க பார்ப்போம்."

குஞ்சுகள் ஒரே குரலில் ஒப்பிக்கும்: "முதலில் வலது காலால் மண்ணைக் கிளற வேண்டும். அடுத்து இடது காலால் கிளற வேண்டும். பிறகு பின்னால் நகர்ந்து, குனிந்து பார்க்க வேண்டும்."

ஓர் எழுத்துப் பிசகாது. பக்கத்து வீட்டு வாத்து வேலியோரம் நின்று கேட்டுவிட்டு, "என்னக்கா, பிள்ளைங்களை இப்படித் தயார் பண்ணிட்டீங்க!" என்று வாயைப் பிளக்கும். செவலைக்குத் தலைகால் புரியாது. ஒரு குஞ்சாவது காலால் மண்ணைக் கீறிப் பார்த்ததா என்று அது யோசித்ததே இல்லை. அதுவே கிளறி வெகுகாலம் ஆயிற்று.

ஐப்பசியில் செம்பாயி குடும்பம் குலசாமி கோயிலுக்கு வண்டி கட்டியது. "நாளைக்கு வந்துருவோம், பிள்ளைங்களைப் பார்த்துக்கோ" என்று செவலையிடம் சொல்லி, கொஞ்சம் நெல்லை இறைத்துவிட்டுப் போனாள் செம்பாயி. போன இடத்தில் அடைமழை. ஆற்றில் வெள்ளம் வந்து வண்டி அக்கரையிலேயே நின்றுவிட்டது.

இங்கே நெல் தீர்ந்துபோனது. குஞ்சுகள் பசியில் கத்தின.

"அதான் சொல்லிக் கொடுத்திருக்கேனே, போய்க் கிளறுங்க!" என்றது செவலை, உரல் மேலிருந்தபடியே.

குஞ்சுகள் எருக்குழிப் பக்கம் போய் வரிசையாக நின்றன. மண்ணைப் பார்த்து, "முதலில் வலது காலால் மண்ணைக் கிளற வேண்டும்" என்று ஒப்பித்தன. ஒப்பித்துவிட்டு, இரை வரும் என்று காத்திருந்தன.

செவலை இன்னும் உரக்கச் சொன்னது. குஞ்சுகளும் இன்னும் உரக்க ஒப்பித்தன. கடைக்குட்டிக்கு மட்டும் அதற்கும் தெம்பில்லை. "வலது காலால்..." என்று தொடங்கி அப்படியே சரிந்து உட்கார்ந்தது.

"அம்மா, நான் சரியாத்தானே சொல்றேன்?"

செவலை உரலை விட்டுக் குதித்து ஓடியது. கடைக்குட்டிக்கு முன்னால் நின்று ஈர எருவைக் கிளறியது. பழக்கம் விட்டுப்போன கால் இடறியதில் குப்புற விழுந்தது. வாத்து சிரித்தது. செவலை எழுந்து மறுபடியும் கிளறியது. எருவுக்குள் ஒரு புழு நெளிந்தது.

கடைக்குட்டி அதைக் கொத்தி விழுங்கிவிட்டுத் தாயின் காலையே பார்த்தது. பிறகு தன் குச்சிக் காலை நீட்டி மண்ணை ஒரு கீறு கீறியது. மற்றக் குஞ்சுகளும் கீறத் தொடங்கின.

வெள்ளம் வடிந்ததும் செம்பாயி பதறிக்கொண்டு வந்தாள். குஞ்சுகள் உயிரோடு திரிவதைப் பார்த்துக் கண் கலங்கி, மரக்கால் நிறைய நெல்லை அள்ளிக் கொட்டினாள். செவலை அந்தக் குவியல் மேலேறிக் கிளறியது. நெல் நாலா பக்கமும் சிதறியது.

"அடியே, கண்ணு முன்னால கொட்டிக் கிடக்கே, எதுக்குடி கிளறுறே?"

செவலை கடைக்குட்டியைத் திரும்பிப் பார்த்தது.

"பிள்ளைங்க பாக்குதும்மா."

அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. அன்று முதல்தான், கோழியின் வாய் "கொக், கொக்" என்று கூப்பிடுவதோடு நின்றுபோனது. எவ்வளவு நெல்லைக் குவித்துப் போட்டாலும், அது காலால் கிளறிவிட்டுத்தான் கொத்துகிறது.