மழையை நீங்க வச்சுக்கங்க

“நம்ம ஊரு மழை பக்கத்து ஊரோட இறங்கிக்கிடுது” என்று மினி பஸ்ஸில் யாரோ சொன்னது அந்த வருஷம் மெய்யாகவே இருந்தது. கண்மாயில் மிச்சமிருந்த தண்ணீர் கரையை ஒட்டிய வயல்களுக்கோ கடைசி வயல்களுக்கோ, ஒரு பக்கத்துக்குத்தான் காணும். கடைசி வயல்களில் நெல் பால் பிடித்து நின்றது. இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் பிழைத்துவிடும்.

மடை திறப்பவள் சடைச்சி. அவளுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. நிலமில்லாதவர் கையில்தான் மடை இருக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம்.

கண்மாயை ஒட்டிய வயல்களெல்லாம் விவசாயச் சங்கத் தலைவர் ரத்தினவேலுவுடையவை. காலையில் ஊரே கரையில் கூடியிருக்க, அவர் செல்போனை உயர்த்திக் காட்டினார்.

“மூணு நாள்ல மழை உறுதின்னு போட்டிருக்கான். இருக்கிற தண்ணியை என் வயலுக்குத் திருப்பு. கடைசி வயக்காரங்க மழைத் தண்ணியைப் பாச்சிக்கிடட்டும்.”

“உறுதிதானாய்யா?”

“படிச்சவன் சொல்றேன். உனக்கென்ன தெரியும்?”

“அப்போ ரொம்ப நல்லதுய்யா” என்றாள் சடைச்சி பணிவாக. “போன் இல்லாத அவங்க இந்தப் பழைய தண்ணியை எடுத்துக்கிடட்டும். மூணாம் நாள் வர்ற புதுத் தண்ணி பூராவும் உங்களுக்கே திறந்து விடுறேன்.”

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது.

“மழை வராட்டி என் நெல்லு என்னத்துக்கு ஆகும்?” தலைவர் சட்டென்று கேட்டுவிட்டார்.

“அதைத்தான்யா அவங்களும் நேத்துலேருந்து கேக்குறாங்க.”

சிரிப்பு நின்றது. தலைவர் போனைச் சட்டைப் பையில் போட்டார். பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்துப் போய், தன் வயலுக்குப் போகும் வாய்க்காலைத் தானே மண் போட்டு அடைத்தார்.