உத்தரத்தைத் தின்றவன் சொன்ன சேதி

வெளிச்சம் மங்கலாக மட்டுமே எட்டும் ஆழ்கடலின் அடியில் ஒரு பழைய கப்பல் மூழ்கிக் கிடந்தது. முட்டையிட இடம் தேடி அதற்குள் வந்தாள் கோமளம் என்னும் ஆக்டோபஸ். எட்டுக் கைகளால் தொட்டுப் பார்த்தால் எதையும் எடைபோட்டுவிடலாம் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

ஆக்டோபஸ் ஆயுளில் ஒரே தடவைதான் முட்டையிடும். முட்டைச் சரங்களைக் கூரையில் ஒட்டிவிட்டால் பிறகு பெயர்த்தெடுக்க முடியாது. இடம் தப்பினால் வம்சமே போச்சு.

முதலில் ஓர் இரும்புப் பெட்டி கண்ணில் பட்டது. துருவேறித் துருவேறி அது நன்றாகத் தடித்திருந்தது. கோமளம் ஆசையோடு சாய்ந்தாள். பெட்டி அப்பளமாக நொறுங்கியது.

பக்கத்தில் சேற்றில் ஒரு பீங்கான் ஜாடி கிடந்தது. அதன் மேலிருந்த நீலப் பூக்கள்கூட அழியவில்லை. இரும்புக்கே இந்தக் கதி என்றால் தட்டினால் உடைகிற பீங்கானா தாங்கப்போகிறது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தாள்.

அப்போது நெளியப்பன் என்ற விலாங்கு வந்தான். பேச்செல்லாம் சர்க்கரை, வயிறெல்லாம் பசி. கப்பல் தலைவனின் அறைக்கு அவளை அழைத்துப்போய்க் கூரையைக் காட்டினான்.

"தேக்கு உத்தரம், தங்கச்சி. உன் பிள்ளைங்க அரண்மனையில பிறந்த மாதிரி இருக்கும்."

கோமளம் உத்தரத்தைத் தடவினாள். வழவழவென்று கெட்டியாக இருந்தது. அங்கங்கே கடுகளவு துளைகள் தெரிந்தன. மரமென்றால் நாலு துளை இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டாள். வலியும் வந்துவிட்டது. முதல் சரத்தை ஒட்டினாள்.

உத்தரம் 'க்ரீச்' என்றது.

கோமளம் கையை நிறுத்தினாள். ஒரு துளைக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. மரத்தைக் குடைந்து தின்னும் புழு அது, பெயரே குடைவான்.

"ஆத்தா, அடுத்த சரத்தை இங்க ஒட்டாதீங்க. இது வெறும் கூடு. உள்ள இருந்ததை எல்லாம் நாங்க தின்னுட்டோம்."

கோமளத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திருட்டுப் புழு தன்னை விரட்டப் பார்க்கிறது என்று கத்தினாள். நெளியப்பனும் சேர்ந்து திட்டினான். ஆனால் அவன் கண்கள் ஒட்டிய சரத்தின் மேலேயே இருந்தன. அதைக் கோமளம் கவனித்துவிட்டாள்.

"துளைக்குள்ள கையை விட்டுப் பாருங்க" என்றான் குடைவான்.

ஒரு கையின் நுனியை நூலாக மெலித்து உள்ளே விட்டாள். போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. மரம் எங்கேயும் தட்டுப்படவில்லை. உத்தரம் மறுபடியும் முனகியது.

இனி எங்கே போவது? வலியோ பொறுக்க முடியவில்லை. "அந்த ஜாடிக்குப் போங்க" என்றான் குடைவான். "அதை எங்க கூட்டத்துல கடிச்சுப் பார்க்காத ஆளே இல்லை. ஒரு கீறல்கூட விழலை."

ஒட்டிய சரத்தைப் பிய்த்துப் பார்த்தாள். வரவில்லை. பெற்ற மனம் துடித்தது. இதற்காக இங்கேயே நின்றால் மற்றவையும் போய்விடும். அழுதுகொண்டே விட்டுவிட்டு வாசலை நோக்கிப் பாய்ந்தாள். வாசலில் நின்று குடைவான் இருந்த துளையைத் திரும்பிப் பார்த்து, "நீயும் வந்துடு" என்றாள்.

"மரத்துக்குள்ள புகுந்தா எங்களால வெளிய வர முடியாது, ஆத்தா. எங்க வீட்டை நாங்களே தின்னுட்டோம். எங்களோட உங்க பிள்ளைங்களும் எதுக்குச் சாகணும்? போங்க!"

அவள் வெளியேறியதுதான் தாமதம், நெளியப்பன் சரத்தின் மேல் பாய்ந்து வாயால் கவ்வி இழுத்தான். அந்த ஓர் இழுப்பு போதும். உத்தரம் மளமளவென்று முறிந்தது. கூரையும் குடைவானும் நெளியப்பனும் ஒன்றாகச் சேற்றில் புதைந்தார்கள்.

சேறு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஜாடிக்குள் கோமளம் ஒவ்வொரு சரமாக ஒட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு வீடு எவ்வளவு உறுதி என்பதை அதைப் புகழ்கிறவனிடம் கேட்காதே, அதைத் தின்று பார்த்தவனிடம் கேள்.