பூஜையறைக் கதவு

"ஒரு ஆளை நம்பலாமா கூடாதான்னு எப்படிங்க சாமி கண்டுபிடிக்கறது?"

பாறைக் கரட்டின்மேல் ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் மாரப்பன் கேட்டுவிட்டார்.

கரட்டுச்சாமி தன் குடிசை வாசலில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். சாமி என்றதும் தாடியும் சடையுமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முப்பத்தைந்து வயதுப் பெண். மாரப்பனுக்கு மகள் வயசு. அவர் இவரை "அண்ணா" என்பார், இவர் அவரை "சாமி" என்பார். ஊருக்கு இது பழகிப்போன சங்கதி.

"எந்த ஆளுங்கண்ணா?"

"பொதுவாத்தான் கேட்டேனுங்க."

பொதுவாக நம்பலாம் என்று சொல்லிவிட்டு சாமி ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

இந்தப் பதில் யாருக்குப் போதும்? மாரப்பனுக்குப் போதவே போதாது.

பூட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். மாரப்பன் பாதி வழி போனபின் திரும்பி வந்தும் இழுத்துப் பார்ப்பார். கறவைக்காரன் சிரித்தால் பாலில் கைவைத்துவிட்டான் என்பார். சிரிக்காவிட்டாலும் அதையேதான் சொல்வார்.

ஆனால் பாவம், நல்ல மனுஷன்.

போன வருஷம் அவருடைய காரிப்பசு கன்று போடும்போது பக்கத்தில் ஆள் இல்லை. வரும்போதே கன்றின் முன்னங்கால் மடங்கிக்கொண்டது. விடிந்து போய்ப் பார்த்தால் தாயும் போய்விட்டது, கன்றும் போய்விட்டது. மனுஷன் சோற்றைத் தொடாமல் மாட்டுக் கொட்டகையிலேயே கிடந்தார். இப்போதும் அந்தப் பேச்சை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்தத் துக்கத்தில்தான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. கன்று போடும் நேரம் நெருங்கினால் பசு வாலைத் தூக்கித் தூக்கி நிற்கும். அந்த வாலில் சின்னதாக ஒரு கருவியைக் கட்டிவிட்டால், அது கண்டுபிடித்துச் செல்போனுக்குத் தகவல் சொல்லிவிடாதா?

அருமையான யோசனைதான். யார் இல்லை என்றது?

அதற்கு ஒரு மாதிரி செய்து பார்க்க ஆள் வேண்டியிருந்தது. கோயமுத்தூரில் குணவழகன் என்று ஒரு இன்ஜினியர். கம்பெனி கிம்பெனி எதுவும் இல்லாமல், தனியாக வேலை எடுத்து, மாடி அறை ஒன்றில் உட்கார்ந்து செய்துகொடுப்பவர். மாரப்பன் தேடிப் போனார். பார்த்ததுமே ஆள் கெட்டிக்காரன் என்று தெரிந்தது. கெட்டிக்காரன் என்றதுமே சந்தேகம் வந்துவிட்டது. இவனிடம் யோசனையைச் சொன்னால் நாளைக்கே தன் பெயரில் விற்றுவிட மாட்டானா?

அதனால் அவர் மாடு என்ற பேச்சையே எடுக்கவில்லை.

பூஜையறைக் கதவு என்றார். கதவு அசைந்தால் செல்போனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

குணவழகன் விடவில்லை. கதவு மரமா இரும்பா, தண்ணீர் கிண்ணீர் படுமா, எவ்வளவு அசைந்தால் கணக்கில் எடுக்கணும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்கக் கேட்க மாரப்பனுக்குச் சந்தேகம் முற்றியது. கதவுக்கு எதற்கு இத்தனை தோண்டுகிறான்? தேக்கு மரம், சொட்டுத் தண்ணீர் படாது, துளி அசைந்தாலும் சொல்லணும் என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

கருவியை வாங்கப் போன அன்று இன்னொன்றும் கண்ணில் பட்டது. மாடிப்படிக்குக் கீழே பால் வண்டிக்காரன் ஒருவனோடு குணவழகன் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பால் வண்டி.

முடிந்தது கதை என்று நினைத்தார் மாரப்பன். யோசனை கைமாறிவிட்டது. மாடு என்றே சொல்லாதபோது எப்படிக் கைமாறும் என்று நீங்கள் கேட்கலாம். சந்தேகப்படுகிறவனுக்கு அதெல்லாம் ஒரு தடையா?

கருவியைக் கொண்டுவந்து செவலையின் வாலில் கட்டினார். செவலை, செத்துப்போன காரியின் மகள். இப்போது நிறைமாசம். ஈ உட்கார்ந்தால் வாலை வீசாத மாடு உலகத்தில் உண்டா? ஒவ்வொரு வீச்சுக்கும் செல்போனில் கோயில் மணி அடித்தது. பூஜையறை ஆயிற்றே என்று குணவழகன் ஆசையாக வைத்துக்கொடுத்த மணி. செவலை மூத்திரம் பெய்ததும் அதுவும் அடங்கிவிட்டது. கழற்றிக் கழுவி வெயிலில் காயவைத்தபிறகுதான் மறுபடி உயிர் வந்தது.

வேண்டுமென்றே கெடுத்துக் கொடுத்திருக்கிறான். நல்லதை அவன் வைத்துக்கொண்டான்.

இதையெல்லாம் சாமியிடமாவது உள்ளபடி சொன்னாரா? சொன்னால் அவர் மாரப்பனா?

வேலி ஓரத்தில் ஒரு பெண் கீரை கிள்ளிக்கொண்டிருந்தாள். அவளை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே, குரலை இறக்கி, பூஜையறைக் கதவுக்கு ஒரு கருவி செய்யச் சொன்னதாகவும், செய்தவன் ஏமாற்றிவிட்டதாகவும் சொல்லி முடித்தார்.

"கொண்டுவந்திருக்கீங்களாண்ணா?"

பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். சாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்தார்.

பிறகு எழுந்துபோய், குடிசைக்குப் பக்கத்தில் விளக்கேற்றும் சின்ன அறையின் கதவில் அதைக் கட்டினார்.

கதவைத் திறந்தார். மாரப்பனின் சட்டைப்பையில் மணி அடித்தது.

மூடினார். அடித்தது.

ஒற்றை விரலால் லேசாகத் தள்ளினார். அதற்கும் அடித்தது. கீரைக்காரி நிமிர்ந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எவ்வளவு அசைஞ்சா அடிக்கணும்னு சொன்னீங்கண்ணா?"

"துளி அசைஞ்சாலும்னு..."

"அப்ப ஆளை நம்பலாம்" என்றார் சாமி. "கேட்டதைக் கேட்டபடி செஞ்சிருக்காரு. உங்களுக்குத்தான் பிடிக்கலையே, இது இங்கயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு மறுபடி கடலைக்காய் உரிக்க உட்கார்ந்துவிட்டார்.

மாரப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதென்ன, சாமிக்கே இதன்மேல் கண்ணா?

கரட்டின்மேல் காற்றுக்குப் பஞ்சமில்லை. கதவு ஆடியது. மணி அடித்தது. கொஞ்சம் நின்றது. மறுபடி அடித்தது. அணைத்துவிடலாம் என்று செல்போனை எடுத்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கொட்டகையில் செவலை தனியாக நிற்கிறது. மடி நேற்றே இறங்கிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். அவரும் மாடு வைத்திருப்பவர், எதைப் பார்த்து எதைக் கண்டுபிடிப்பாரோ என்று சொல்லாமலே வந்துவிட்டார். இந்நேரம் அது வாலைத் தூக்கினால் பார்க்க ஒரு ஆள் இல்லை. போன வருஷமும் இப்படித்தான்.

மணி அடித்தது.

"சாமி, அது கதவு இல்லீங்க."

"பின்ன?"

மாரப்பன் வேலிப்பக்கம் பார்த்தார். கீரைக்காரி அங்கேயேதான் இருந்தாள். இருந்துவிட்டுப் போகட்டும்.

"மாடுங்க. எங்க செவலையோட வாலுக்குங்க. இன்னிக்கோ நாளைக்கோ கன்னு போட்டுரும். காரி போன மாதிரியே இதுவும் போயிருமோன்னு பயமா இருக்குதுங்க சாமி."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாமி எழுந்துபோய்க் கருவியைக் கழற்றி வந்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இதை ஏங்கண்ணா எங்கிட்டச் சொல்றீங்க?"

மாரப்பன் பாறை ஓரமாகப் போய் நின்று செல்போனில் குணவழகனைக் கூப்பிட்டார். கதவு என்று சொன்னது பொய் என்பதில் ஆரம்பித்து, காரி செத்தது, செவலை நிறைமாசமாக நிற்பது வரைக்கும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

திட்டப்போகிறான் என்று நினைத்தார். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"ஐயா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

பழைய மாரப்பன் உள்ளே ஒருமுறை தலையைத் தூக்கினார். இவன் எதற்குக் கேட்கிறான்?

"கேளுங்க தம்பி."

"வாலுக்கு ரெண்டு பக்கமும் குழி விழுந்துருச்சுங்களா?"

"காலையில லேசாத் தெரிஞ்சுதுங்க."

"அப்ப இன்னிக்கே போட்டுருமுங்க. இனிக் கருவியெல்லாம் செய்ய நேரமில்ல. நீங்க முதல்ல மாட்டுக்கிட்ட ஓடுங்க. எங்கண்ணன் பால் வண்டியோட கீழதான் நிக்கறாரு, அவரையும் கூட்டிட்டு நான் கிளம்பி வந்துர்றேன். கால் மடங்கி வந்தா எங்க ரெண்டு பேருக்கும் திருப்பிவிடத் தெரியும்."

அதற்குள் மாரப்பன் பாதிக் கரடு இறங்கியிருந்தார். ஓட்டத்தோடு ஓட்டமாகக் கேட்டார்:

"தம்பி, உங்களுக்கு மாட்டைப் பத்தித் தெரியுமுங்களா?"

"நான் கொட்டகையில வளந்தவனுங்க. வீடு நெறைய மாடு."

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே!"

"நீங்க கதவுன்னுல்லங்க சொன்னீங்க."