கால் மிதிக்காத புல்

மேற்குக் கடலுக்கும் அப்பால், மனிதனுக்கு ஒட்டகம் சொந்தமா ஒட்டகத்துக்கு மனிதன் சொந்தமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு காலத்தில், சோமாலியர் வாழும் வறண்ட சீமையில் நாற்பது குடிசைக் கூட்டம் ஒன்று இருந்தது. குடிசை என்றால் நம் ஊர்க் குடிசை இல்லை. வளைத்த மரக்கொம்புகள், மேலே பாய்கள், அவ்வளவுதான். கட்டுவதும் பெண்கள், அவிழ்ப்பதும் பெண்கள், அது அவர்களுடைய சொத்து. புல் தீர்ந்தால் பாயைச் சுருட்டி ஒட்டகத்தின்மேல் ஏற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

எங்கே கிளம்புவது? அதற்கு ஓர் ஆள் இருந்தான், சமதர் என்று பெயர். கூட்டத்துக்கு முன்னால் தனியாகப் போய் மேய்ச்சல் பார்த்து வருவது அவன் வேலை.

அவன் திரும்பி வந்ததும் முதலில் ஒரு கலயம் ஒட்டகப் பால் கொடுப்பார்கள். குடித்து முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. பிறகு கூட்டத்தின் தலைவர் ஹிர்சி மூன்று கேள்வி கேட்பார். புல் உண்டா? தண்ணீர் உண்டா? பகை உண்டா? கடைசியாக, "உன் கால் மிதித்ததா?" என்பார். "மிதித்தது" என்று சொல்லிவிட்டால் போதும், அடையாளம் கேட்பது அவனை அவமதிப்பது. நாற்பது குடிசையும் அந்த ஒரு சொல்லை நம்பி இறங்கும். பாலைவனத்தில் நடப்பவனுக்கு வேறு என்ன ஆதாரம் இருக்கிறது, சொல்லுங்கள்?

ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. சமதர் வடக்கே போனான். ஏழாம் நாள் ஒரு நீண்ட மேடு தெரிந்தது. முந்திய மூன்று மாலையும் அதற்கு அப்பால்தான் மின்னல் வெட்டியிருந்தது, நனைந்த மண்ணின் வாசம் காற்றில் வந்தது, பறவைகளும் கூட்டம் கூட்டமாக அந்தப் பக்கமே பறந்தன. மேட்டில் ஏற இன்னும் அரை நாள் நடக்கவேண்டும். காலில் முள் ஏறிச் சீழ் கட்டியிருந்தது. வானத்தைப் படிப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை என்று சீமையே பேசும். இதற்கு மேல் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தான், திரும்பிவிட்டான். கெட்டிக்காரனுக்கு வரும் நோய் அது.

பாலைக் குடித்தான். புல் உண்டு, தண்ணீர் உண்டு, பகை இல்லை என்றான்.

"உன் கால் மிதித்ததா?"

"மிதித்தது."

பாய்கள் அவிழ்ந்தன, கூட்டம் புறப்பட்டது. நாலு நாள் நடந்து, வழியில் இருக்கும் கடைசிக் கிணற்றுக்கு வந்து சேர்ந்தார்கள். அதைத் தாண்டினால் மேடுவரை மூன்று நாளைக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

அங்கேதான் அம்பரோ அவனிடம் வந்தாள். புருஷனை இழந்தவள். அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரு சுமை ஒட்டகம், முப்பது ஆடு, அவை ஈன்ற முப்பது குட்டிகள். குட்டிகளைக் கூடையில் போட்டு ஒட்டகத்தில் ஏற்றுவதா, இல்லை பின்னால் வரும் தன் கூடப்பிறந்த அண்ணனின் கூட்டத்துக்காகக் கிணற்றடியிலேயே காத்திருப்பதா என்று அவளுக்கு யோசனை.

"அண்ணா, அங்கே புல் என்ன உயரம்? குட்டி வாய்க்கு எட்டுமா? நீங்கள் சொன்னால் ஏற்றிவிடுவேன்" என்று கேட்டாள்.

சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தால் அவன் கோபப்பட்டுத் தப்பித்திருப்பான். அவள் நம்பியல்லவா கேட்டாள்! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா? முழங்கால் உயரம் என்று சொல்ல வாயெடுத்தான், வரவில்லை. மேட்டுக்கு அப்பால் ஒன்றும் இல்லாமல் போனால், திரும்பி வரத் தண்ணீர் இல்லாமல் நாற்பது குடிசையும் அங்கேயே விழும். அதுவரை அவன் அதை நினைக்காமல் இருந்தான், இப்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கூட்டம் முழுவதையும் வேலமரத்தடிக்கு அழைத்தான். "என் கால் மிதிக்கவில்லை. மின்னலைப் பார்த்தேன், பறவையைப் பார்த்தேன். புல்லைப் பார்க்கவில்லை" என்றான்.

ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஹிர்சி ஒரு நல்ல ஒட்டகத்தையும் தண்ணீர்த் தோற்பையையும் கொடுத்து, போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார். கூட்டம் கிணற்றடியில் காத்திருந்தது.

ஐந்து நாள். கிணற்றைச் சுற்றி மேய ஒரு துரும்பு இல்லை. தாய் ஆடுகளுக்குப் பால் வற்றியது. அம்பரோவின் முப்பது குட்டிகளில் பதினெட்டு செத்துப்போயின.

ஆறாம் நாள் சமதர் ஒரு பிடி புல்லோடு வந்தான். மேட்டுக்கு அப்பால் முழங்கால் உயரத்துக்குப் புல், குளம் நிறையத் தண்ணீர்! அவன் ஊகித்தது அத்தனையும் சரி.

அப்போது சில பேர் என்ன சொன்னார்கள் தெரியுமா? அடப் பாவி, வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் குட்டிகளாவது பிழைத்திருக்குமே என்றார்கள். சமதருக்கே அப்படித்தான் தோன்றியது. அழுதுவிட்டான்.

ஹிர்சி மட்டும் அப்படி இல்லை என்று தலையை ஆட்டினார். "இந்தத் தடவை மின்னல் உன் பொய்யைக் காப்பாற்றியது. அடுத்த தடவை எதை நம்பி நாங்கள் பாயை அவிழ்ப்பது?" என்றார்.

அன்றிலிருந்து அவனுக்கு மட்டும் ஒரு புது வழக்கம் வந்தது. பால் கொடுப்பார்கள், மூன்று கேள்வி கேட்பார்கள், கால் மிதித்ததா என்றும் கேட்பார்கள். பிறகு ஹிர்சி கையை நீட்டுவார். சமதர் மடியிலிருந்து புல்லை எடுத்து அந்தக் கையில் வைப்பான். ஒரு கடுஞ்சொல் கிடையாது. ஆனால் நீட்டிய அந்தக் கை ஒவ்வொரு தடவையும் அவனைச் சுட்டது. முதல் வருஷம் வைத்தான். இரண்டாம் வருஷம் வைத்தான். மூன்றாம் வருஷம் வந்தது, அதுவரை யாரும் காணாத பஞ்சத்தோடு.

இந்த முறை மேற்கே போனான். பத்தாம் நாள் நடந்தே திரும்பி வந்தான். ஒட்டகம் இல்லை, மடியில் புல்லும் இல்லை. நாற்பது குடிசையும் வெளியே வந்து நின்றது. பால் வற்றிய காலம், இருந்தாலும் யாரோ அரைக் கலயம் கொடுத்தார்கள். குடித்தான்.

"புல் உண்டா?"

"மேற்கு மேட்டடிவரை இல்லை. அதற்கு அப்பால் மின்னல் வெட்டியது, பறவைகளும் அங்கேதான் பறந்தன. என் ஒட்டகம் மேட்டடியில் விழுந்து செத்தது. நான் ஏறவில்லை. புல் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது."

"தண்ணீர் உண்டா?"

"மேட்டடியில் ஒரு குட்டை இருக்கிறது. நாம் எல்லோரும் குடித்தால் ஆறு நாளைக்கு வரும். இறங்கி நின்று பார்த்தேன், இடுப்பளவு."

"பகை உண்டா?"

"பழைய காலடிகள்தான் இருந்தன."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தெரியாது என்று சொல்லவா பத்து நாள் போனான் என்றார்கள். ஹிர்சி பழக்கத்தால் கையை நீட்டினார். வைக்க அவனிடம் ஒன்றும் இல்லை, தலை குனிந்துகொண்டான்.

அப்போது பின்னால் ஏதோ சரசரத்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்பரோ தன் குடிசையின் பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

பதினெட்டுக் குட்டிகளை இவனால் இழந்தவள், யாருக்காகவும் காத்திராமல் முதல் பாயைச் சுருட்டினாள். ஹிர்சி அவளைக் கேட்டார், புல்லைப் பார்க்கவேண்டாமா என்று.

"தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டார். குட்டையில் தண்ணீர் இருக்கிறது என்று அவர் சொன்னதற்கு இனிமேல் அடையாளம் எதற்கு? அங்கே போய் இருப்போம். ஆறு நாளுக்குள் மேட்டில் ஏறிப் பார்த்துவிட்டு வரட்டும்" என்றாள்.

ஹிர்சி நீட்டிய கையைத் தானே மடக்கிக்கொண்டார். சமதர் போய் அவளுடைய பாயின் மறுமுனையைப் பிடித்தான். மடிக்கத் தெரியாமல் மடித்தான், அவள் பிடுங்கித் தானே மடித்தாள். மாலைக்குள் நாற்பது குடிசையும் ஒட்டகத்தின்மேல் ஏறிவிட்டன. அதற்குப் பிறகு அவனிடம் எவரும் கை நீட்டியதே இல்லை.

மேட்டுக்கு அப்பால் புல் எவ்வளவு இருந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? அது எனக்குத் தெரியாது. என் கால் அங்கே மிதிக்கவில்லை. கூட்டம் பிழைத்தது, அது மட்டும் தெரியும். இல்லாவிட்டால் இந்தக் கதை கடலைத் தாண்டி என் காதுக்கு வந்திருக்காது.

ஆகவே, தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் துணிந்தவன் தெரியும் என்று சொல்வதை மட்டுமே உலகம் நம்பி நடக்கும்.