குணவதியின் முதல் பாட்டு

இருபத்தைந்து வருடம் கல்யாண வீடியோ எடுத்த அருளப்பன், ஐம்பத்து மூன்றாவது வயதில் பாட்டு வீடியோ கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். சேர்த்துக்கொண்ட இயக்குநர் நஸ்ரினுக்கு வயது முப்பத்தொன்று. அருளப்பனுக்கு அவர் மேடம். நஸ்ரினுக்கு இவர் அண்ணன்.

ஒரு வருடம் கழித்து நஸ்ரின் ஒரு பாட்டை முழுசாக அவர் கையில் ஒப்படைத்தார். பாடியவர் குணவதி. இருபது வருடமாகக் கோரஸ் பாடியவர். முகம் காட்டிப் பாட இப்போதுதான் வாய்த்திருந்தது. சாலிகிராமத்தில் வாடகைக்குப் பிடித்திருந்த படப்பிடிப்பு அரங்கம் மாலை ஆறு மணி வரைதான்.

இறக்கி வைத்திருந்த பெரிய ஃபேனைப் பார்த்ததுமே அருளப்பன் முகம் சுளித்தார்.

"இதை வேன்லயே ஏத்திடுங்க. முடி பறக்குறது, முந்தானை பறக்குறது, ஸ்லோமோஷன்ல திரும்புறது... எல்லாம் ஆயிரம் பாட்டுல பாத்தாச்சு."

நஸ்ரின் டிரைவரைக் கூப்பிட்டு ஃபேனை வேனில் ஏற்றச் சொன்னார்.

வெள்ளைச் சுவர் முன்னால் குணவதியை நிறுத்தி எடுத்தார் அருளப்பன். ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது. உதடு ஓர் இடத்திலும் பிசகவில்லை. ஆனால் நாலு பேருக்குப் பின்னால் நிற்பவர் போலவே கையைக் கோத்துக்கொண்டு நின்றார். ஏழு டேக் போனது. மணி நாலரை.

அருளப்பன் மானிட்டரை விட்டு எழுந்து வந்தார்.

"எல்லாம் சரியா இருக்கு மேடம். ஆனா அவங்க அதுல இல்ல. நான் என்ன செய்யணும்?"

நஸ்ரின் ஒரு கிளாஸ் டீயை எடுத்துக்கொண்டு குணவதியிடம் போனார். அருளப்பனும் பின்னாலேயே போனார்.

"அக்கா, டிவியில பாட்டு பாக்கும்போது உங்களை அதுல எப்படி நினைச்சுப் பாப்பீங்க?"

குணவதி தலையைக் குனிந்துகொண்டார்.

"சொன்னா சிரிப்பீங்க."

"மாட்டோம்."

"முந்தானை பறக்கணும். முடி முகத்துல வந்து விழணும். நான் மெதுவா, அப்படியே திரும்பிப் பாக்கணும்."

அருளப்பன் டிரைவரைக் கூட்டிக்கொண்டு வேனுக்குப் போனார். ஃபேனின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்துத் தூக்கி வந்தார்.

குணவதி கொண்டையை அவிழ்த்தார். காற்று வந்ததும் கண்ணை மூடினார். பிறகு திரும்பினார். பாட்டு முடிந்து வெகுநேரம் வரை அருளப்பன் கட் சொல்லவில்லை.

"அதே முடி, அதே முந்தானை," என்றார் நஸ்ரினிடம். "ஆயிரம் பாட்டுல பாத்ததுதானே மேடம்? எனக்கு ஏன் புதுசா இருக்கு?"

"அந்த ஆயிரத்துல ஒண்ணுலயும் குணவதியக்கா வரலையே, அண்ணே."