கடற்புல் நட்ட சேதுவம்மையார்

கீழ்க்கடலோரத்தில் மணற்காடாய்க் கிடந்த நெடுவாடி என்னும் சிற்றூரில், முன்னொரு காலத்தில், நண்டு பிடித்துப் பிழைத்த சேதுவம்மையார் என்னும் அடியவர் வாழ்ந்தார். கணவரைக் கடல் கொண்டுபோயிற்று. பிள்ளைகள் இல்லை. இடுப்பளவு நீரில் குனிந்து வெறுங்கையால் துழாவுவதால் அவர் விரல்களில் கடிபடாத இடமே கிடையாது.

அவ்வூர்க் கடலின் அடியில், கரையிலிருந்து கூப்பிடு தூரம் வரை, கடற்புல் பச்சைப்பசேலென்று விரிந்திருந்தது. அம்மையார் விடியலில் நீரில் இறங்கியதும் அந்தப் புல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு "நமசிவாய" என்பார். கோயிலுக்குள் போகும் உரிமை அவர் குலத்தாருக்கு அன்று இல்லை. "வசதியுள்ளவுக ஈசனுக்குப் பூந்தோட்டம் போடுறாக. எனக்கு மண்ணேது? தண்ணிக்குள்ள அவரே போட்ட தோட்டம் இது. இதைப் பாத்துக்கிட்டாப் போதும்" என்பார். முட்டை சுமந்த நண்டு கைக்கு வந்தால் புல்லுக்குள்ளேயே விட்டுவிடுவார். அன்றைக்கு அடுப்பெரியாவிட்டாலும் அப்படித்தான்.

ஊர் நாட்டாமை கொம்பையா பெரிய இழுவலை ஒன்று செய்வித்தார். அது புல்லில் மாட்டி மாட்டிக் கிழிந்தது. "இந்தப் புல்லால யாருக்கு என்ன லாபம்? வேரோட பிடுங்குங்கடா" என்றார். பலகைகளில் இரும்புப் பல் அடித்து, தோணிகளில் கட்டி இழுத்து வந்தனர். அம்மையார் தோணிகளுக்கு எதிரே போய் நின்றார்.

"நாட்டாமை, வேணாஞ்சாமி! குஞ்சு குளுவானெல்லாம் உள்ள கெடக்கு."

"புல்லைக் கும்பிடுற கிறுக்கியைத் தூக்கிக் கரையில போடுங்கடா."

இருவர் அவரைத் தூக்கி மணலில் எறிந்தனர். பார்த்தவர்கள் சிரித்தனர்.

சிரிப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை. கரையில் வாரிக் கொட்டிய புற்குவியல் அசைந்தது. அருகே போன பெண்ணொருத்தி வீறிட்டாள். குவியல் முழுக்க உயிர்கள். நகமளவு மீன்குஞ்சுகள், கண்ணாடி போன்ற இறால்பொடிகள், வாலால் புல்லை இறுகப் பற்றிய கடற்குதிரைகள் என அத்தனையும் துடித்தன. இவ்வளவும் அதற்குள்ளா இருந்தன? அம்மையார் பானையில் அள்ளி அள்ளிக் கொண்டுபோய் நீரில் விட்டார். பாதி செத்து மிதந்தன.

அடுத்த பருவத்தில் கடல் கலங்கிச் சேறாயிற்று. பிடித்து வைக்க வேர் இல்லாத அடிமணலை அலை வாரிக்கொண்டு போனது. இழுவலை வெறுமையாக ஏறியது. ஒரு காலையில், புல் மேய வரும் கடற்பசு ஒன்று ஒட்டிய உடலோடு கரையொதுங்கிச் செத்துக் கிடந்தது. அதன் கன்று தாயின் துடுப்படியில் பால் தேடி முட்டிக்கொண்டிருந்தது. மாலைக்குள் அதுவும் அடங்கிற்று. பார்த்தவர்கள் நெஞ்சில் கை வைத்தனர். ஆயினும் பழி அம்மையார் மேல் விழுந்தது. "இவ விட்ட சாபந்தான்" என்று அவர் குடிசையைப் பிய்த்து எறிந்தனர்.

வடக்கே, பாறைகளின் ஓரம், பலகை தொடாத சிறு புல்திட்டு மிஞ்சியிருந்தது. அதிலிருந்து அம்மையார் வேரோடு சில தூர்களை எடுத்து, தென்னங்கயிற்றில் கட்டி, மூச்சடக்கி மூழ்கிச் சேற்றில் ஊன்றினார். தூருக்கு ஒரு "நமசிவாய". அலை பிடுங்கியது; மறுபடி ஊன்றினார். வாடைக்காற்று வந்து அத்தனையையும் கொண்டுபோனது. அன்றுதான் அவர் கரையில் அமர்ந்து வாய்விட்டு அழுதார்.

"அப்பா, உமக்கு இது வேணுமா, வேணாமா? வேணாம்னா என் கையை முடக்கிரும். இல்லேன்னா நான் நட்டுக்கிட்டேதான் இருப்பேன்."

கை முடங்கவில்லை. ஆகவே மறுநாளும் இறங்கினார்.

ஆண்டுகள் பல ஓடின. பிழைக்க வழியின்றி ஊரில் பாதிப்பேர் வெளியேறினர். ஒரு மாசிமகத்தன்று ஈசரைக் கடலாட்டப் பல்லக்கில் சுமந்து வந்தனர். நீராடும் துறை தெற்கே இருந்தது. பல்லக்கோ வடக்கே திரும்பியது.

"ஏய், எங்கடா போறீக?" என்று கத்தினார் கொம்பையா.

"நாங்க போகல நாட்டாமை! சாமி இழுக்குது!" என்று சுமந்தவர்கள் அலறினர்.

குருக்களின் கையிலிருந்து தீபத்தட்டு நழுவி விழுந்தது. முகம் வெளிறிப் பல்லக்கின் பின்னால் ஓடியது கூட்டம். பல்லக்கு இடுப்பளவு நீரில் இறங்கி, குனிந்து புல் நட்டுக்கொண்டிருந்த முதியவரின் முன் நின்றது. நிமிர்ந்த அம்மையார் நடுங்கிப்போனார். தம்மவர் ஏறிட்டும் பார்க்க முடியாத திருமேனி, கைக்கெட்டும் தூரத்தில்!

"தீட்டாயிரும் சாமி, போயிரும்!" என்று பின்வாங்கினார்.

காற்றே இல்லை. ஈசர் அணிந்திருந்த வில்வமாலை தானே கழன்று அம்மையாரின் கழுத்தில் விழுந்தது.

பல்லக்கைத் தொடர்ந்து நீரில் இறங்கியிருந்த கொம்பையா குனிந்து பார்த்தார். நீரடியில், கண்ணுக்கெட்டியவரை பச்சை. அவர் கால்களினூடே மீன்குஞ்சுகள் கூட்டங்கூட்டமாக ஓடின. உடல் குலுங்க அப்படியே நீருக்குள் அம்மையார் காலடியில் மண்டியிட்டார்.

"ஆத்தா, உன்னயத் தூக்கி எறியச் சொன்ன பாவி நான்!"

"எந்திரிங்க நாட்டாமை, எந்திரிங்க!" என்று அம்மையார் பதறினார். "புல்லு நசுங்குது."

கழுத்தில் ஈசர் சூட்டிய மாலை கிடக்க, காலடியில் நசுங்கிய தளிருக்காகப் பதறிய அந்த எளியவரின் அன்பை என்னென்று போற்றுவோம்!